பெருநகர் கடிதத்தின் சிவப்புக் கறை

நம் தபால்தலை ஏல நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் போன வாரம் வீடியோ அழைப்பில் கேட்ட கேள்விகளை யோசித்துப் பார்த்தேன். அமெரிக்காவின் பழைய தபால்தலையில் ஓரத்துப் பல் அசலா, பிற்பாடு யாரோ வெட்டியதா? பின்பக்கத்துப் பசை அந்தக் காலத்ததா, மறுபடி தடவியதா? இதற்கெல்லாம் நம் அலுவலக அலமாரியில் தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. தூசி தட்டி எடுத்துப் படியுங்கள். நான் உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு அதையெல்லாம் ஒப்பிக்கப் போவதில்லை.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. ஏலப் பட்டியல் அச்சுக்குப் போன பிறகு, நாம் எழுதியது தப்பு என்று தெரிந்தால் என்ன செய்வது? நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இன்னமும் ஏலம் நடக்கிற நாளன்று காலையில் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பேன். அதற்குக் காரணம் ஒரே ஒரு கடித உறைதான். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். தட்டச்சு செய்யத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஏலப் பட்டியலுக்கு வரி எழுதுகிறவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "நீங்களே ரெண்டு வரி எழுதிப் பாருங்களேன்" என்றார் முதலாளி. ஒரு தபால்தலைக்கு நாலைந்து வரிதான். எந்த நாட்டது, எந்தக் காலத்தது, எங்கே கிழிந்திருக்கிறது, எங்கே கறை. அந்த நாலு வரியை நம்பித்தான் எங்கோ கடல் கடந்து இருக்கிறவர், பொருளைக் கையால் தொடாமலே விலை கேட்கிறார். அதனால் நம் தொழிலில் பொய் சொல்வது பெரிய பாவம். தெரியாமல் தப்பாக எழுதுவது அதைவிடக் கொஞ்சம்தான் சின்னப் பாவம்.

எனக்குக் கண் நன்றாக இருந்தது. என் அப்பா காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். சிவப்பிலேயே பத்து விதம் பிரித்துப் பார்த்து வளர்ந்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பன்னிரண்டு சென்ட் கறுப்புத் தபால்தலை ஒன்று "பயன்படுத்தாதது" என்று வந்தது. பெரிய பெரிய வியாபாரிகளெல்லாம் பார்த்து ஆமென்று தலையாட்டிவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கறுப்பு ஓரிடத்தில் அலசிய துணி மாதிரி தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். பயன்படுத்தியாயிற்று என்பதற்கு அடையாளமாகப் பேனாவால் போட்ட ரத்துக் கோட்டை யாரோ மருந்து வைத்துக் கழுவியிருந்தார்கள். அன்றைக்கு முதலாளி எல்லாருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தலைக்கனம் ஏறியதும் அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு பல வருடம், என் கண் சொன்னதற்கு நான் மறுபரிசீலனை கேட்டதே இல்லை.

இப்போது பெருநகர் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஏலத்துக்குத் தவறாமல் வருகிற ஒரு விவசாயி இருந்தார். பெயர் ஏகாம்பரம். செய்யாற்றங்கரையில் பெருநகர் என்கிற ஊரில் நெல் பயிரிடுகிறவர். வெள்ளை வேட்டி, துணிப்பை, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. ஓட்டல் ஹாலில் ஏசி குளிருக்குத் துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார். அமெரிக்காவின் ஆரம்ப காலத் தபால்தலைகள் மட்டும்தான் வாங்குவார். இந்தியத் தபால்தலை பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஹாலில் புதிதாக வருகிறவர்கள் அவரை யாருக்கோ துணைக்கு வந்தவர் என்று நினைப்பார்கள். அவர் எண் அட்டையைத் தூக்கும்போது அவர்கள் முகம் மாறும். அதைப் பார்ப்பதற்கே எனக்கு ஆசையாக இருக்கும்.

"அமெரிக்கா மேல உங்களுக்கு இன்னாண்ணா இவ்ளோ ஆசை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க வூட்டு சாமி பலகையில ஒரு கடுதாசி இர்ந்துதும்மா. தொரசாணி கடுதாசின்னு சொல்லுவாங்க. அதுல ஒட்டியிர்ந்த ஸ்டாம்ப பாத்துக்கினேதான் நான் வளந்தேன். பாகம் பிரிக்கறப்போ அது தம்பிக்குப் பூட்ச்சி" என்றார். துண்டை இழுத்துச் சுற்றிக்கொண்டு பட்டியலைப் புரட்ட ஆரம்பித்தார்.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, உத்திரமேரூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெண் மஞ்சள் துணி முடிச்சோடு வந்து நின்றாள். ஏகாம்பரத்தின் தம்பி மனைவி மரகதம், என் வேலையைக் கேள்விப்பட்டு வந்திருந்தாள். தம்பி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முடிச்சை அவிழ்த்தால் அந்தக் கடிதம்.

துணியோடு மடியில் வாங்கிப் பார்த்தேன். ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளைச் சேர்ந்த உறை. முப்பது சென்ட் ஆரஞ்சுத் தபால்தலை ஒன்று, மூன்று சென்ட் ரோஜா நிறத் தபால்தலை ஒன்று. அமெரிக்காவிலிருந்து லண்டன் வழியாகக் கப்பலில் மதராஸுக்கு வந்து, அங்கிருந்து பெருநகருக்கு வந்திருக்கிறது. உள்ளே தமிழில் எழுதிய ஒரு தாள். உறையின் மூலைகளில் குங்குமம், சந்தனம். நடுவிலும் ஆரஞ்சுத் தபால்தலையை ஒட்டிச் சிவப்பாக ஒரு தீற்றல்.

"வருசா வருசம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வெப்போம்க்கா. கத்தி, கலப்ப, இது எல்லாத்துக்கும்" என்றாள் மரகதம்.

"ஏகாம்பரம் அண்ணா இத ரொம்ப நாளா நெனச்சிக்கினு கீறாரே. அவருக்கே குடுத்துடலாமே?" என்றேன்.

அவள் முகம் இறுகிப்போனது. "எம் புருசன் சாவுக்கு வந்தவரு வாசல்லயே நின்னுட்டுப் போனாருக்கா. உள்ள வந்து மூஞ்சி பாக்கல. அவருக்கு நான் என் கையால குடுக்க மாட்டேன். ஏலத்துல வுடுங்க. யாரு வேணா எடுத்துக்கட்டும். மழையில பக்கச் செவுரு வுழுந்து கெடக்குது. பொண்ணு படுக்கற எடத்துக்குத் தார்ப்பா கட்டி வெச்சிக்கினு கீறேன்."

பொருளை வாங்கி ரசீது கொடுத்தேன். மறுநாள் அலுவலகத்தில் வரி எழுதினேன். பட்டியல் அச்சுக்குப் போகிற வாரம், மேசையில் மலை மாதிரி வேலை. உறையை இரண்டு நிமிடம் பார்த்தேன். "வீட்டுப் பூஜையில் வைத்திருந்தது. மூலைகளிலும் தபால்தலை அருகிலும் குங்குமக் கறை. தபால்தலை இந்த உறைக்கே உரியது என்று உறுதியாகச் சொல்ல முத்திரை இல்லை" என்று எழுதினேன். ஆரம்ப விலையைக் குறைவாகப் போட்டேன். உள்ளே இருந்த தாளுக்கு "தமிழ்க் கடிதம், ஒரு பக்கம்" என்று நாலு சொல். அதைப் பிரித்துப் படிக்கவில்லை. உள்ளே என்ன எழுதியிருந்தாலும் விலை உறைக்குத்தான் என்று நினைப்பு.

முத்திரை விஷயம் உங்களுக்குத் தெரியும்தான், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு முத்திரை பாதி தபால்தலை மேலும் பாதி உறை மேலும் விழுந்திருந்தால், இரண்டும் சேர்ந்தே பயணம் செய்தன என்பதற்கு அது சாட்சி. இல்லாவிட்டால் யாரோ வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் வரும். விலை விழுந்துவிடும்.

ஏலத்துக்கு முந்தின நாள், பொருள்களை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஏகாம்பரம் காலையிலேயே வந்துவிட்டார். மற்ற எதையும் கேட்கவில்லை. அந்த உறையை மட்டும் வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. உள்ளே இருந்த தாளை எடுத்துப் பார்க்கவும் இல்லை.

"நான் எழுதனது சரியா கீதாண்ணா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"நீங்க எழுதனா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் உறையையே பார்த்தார். எனக்கு அது பாராட்டாகப் பட்டது.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல். பட்டியலில் இருந்த உறையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாராம். தபால்தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்புக் கறைக்கு வளைவான ஓரம் இருக்கிற மாதிரித் தோன்றுகிறதே, அது என்ன என்று ஒரே வரியில் கேட்டிருந்தார்.

எரிச்சலோடுதான் உறையை மறுபடி எடுத்தேன். ஜன்னலருகே கொண்டுபோனேன். அப்போதுதான் கவனித்தேன். மூலைகளில் இருந்த குங்குமமெல்லாம் வெளுத்து மஞ்சளும் பழுப்புமாகப் போயிருந்தது. நடுவில் இருந்தது மட்டும் சிவப்பாகவே இருந்தது. மஞ்சளில் செய்கிற குங்குமம் நாள்பட்டால் நிறம் மாறும். தினமும் காலையில் அதை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்கிறவள் நான். சாயக்காரர் மகள் வேறு. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூலைகளில் பொடி காகிதத்தின் மேலே உட்கார்ந்திருந்தது. நடுவில் இருந்தது காகிதத்துக்குள் இறங்கிய மை. வட்டமான முத்திரையின் ஓரம். லண்டனில் கடிதம் கைமாறியபோது குத்தியது. அதன் மறுபாதி ஆரஞ்சுத் தபால்தலை மேல் ஏறியிருந்தது. ஆரஞ்சு மேல் சிவப்பு என்பதால் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. எந்த முத்திரை இல்லை என்று நான் எழுதினேனோ அது அங்கேயே இருந்தது.

நியூயார்க்கிலோ லண்டனிலோ ஒருத்தன் இதை எழுதியிருந்தால் கறையைக் கறை என்று எழுதியிருப்பான், குங்குமம் என்று எழுதியிருக்க மாட்டான். அப்புறம் சந்தேகப்பட்டு இன்னொரு தரம் பார்த்திருப்பான். எனக்கு ஆயுத பூஜை தெரியும், மரகதமும் வாயால் சொன்னாள். தெரிந்த விஷயம் என்பதால் நான் பார்க்கவே இல்லை. உங்களுக்கு நான் ஒன்று சொல்ல முடியுமானால் இதைத்தான் சொல்வேன். நமக்குத் தெரியாத இடத்தில் நாம் ஜாக்கிரதையாக இருப்போம். நம் வீட்டுப் பொருள் மாதிரி இருப்பதில்தான் சறுக்குவோம்.

நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். இதைச் சொன்னால் விலை பல மடங்கு ஏறும், ஏகாம்பரத்தால் கிட்டவே நெருங்க முடியாது. சொல்லாவிட்டால் கேட்டு எழுதியவருக்கு மட்டும் ஏதாவது மழுப்பிப் பதில் போட்டால் போதும், ஏகாம்பரம் நாளைக்குத் தன் வீட்டுக் கடிதத்தைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார். ஆனால் அப்போது மரகதத்தின் சுவர்? அவள் நம்பிக் கொடுத்தது என்னிடம் அல்லவா? உண்மையைச் சொல்கிறேன், பத்து நிமிடம் நான் ஏகாம்பரத்தின் பக்கம்தான் இருந்தேன். அவர் எத்தனை வருடம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் எழுந்து முதலாளியிடம் போனேன். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "ஏலத்துலேர்ந்து எடுத்துட்டு அடுத்த தடவை வைக்கலாமா, அந்தம்மாவக் கேளுங்க" என்றார். மரகதத்துக்குப் போன் போட்டு, என் தப்பைச் சொல்லி, அடுத்த ஏலத்துக்கு ஐந்து மாதம் ஆகும் என்றேன்.

"மழக்காலம் வந்துடும்க்கா. நாளைக்கே வுட்டுடுங்க" என்றாள்.

"அப்ப நாளைக்கு ஏலத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரே நேரத்துல சொல்லணும்" என்றார் முதலாளி. "அதுவரைக்கும் யாருக்கும் மூச்சு விடக்கூடாது. எழுதினது நீங்க. மேடையில நீங்களே சொல்லுங்க."

சாயங்காலம் தாம்பரத்தில் உத்திரமேரூர் பஸ் ஏறினேன். பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "இன்னாம்மா, நீங்களும் இந்த வண்டிதானா?" ஏகாம்பரம்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பயணம். அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ நாள் அந்தப் பஸ்ஸில் போயிருக்கிறேன், அவ்வளவு நீளமாக ஒருநாளும் இருந்ததில்லை. அவர் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து பேசிக்கொண்டே வந்தார். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். இந்தப் போகத்து நெல்லை விற்ற பணத்தை அப்படியே வைத்திருக்கிறாராம். சாமி பலகையைத் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறாராம். "நாளைக்கு இந்நேரம் அது எங்க வூட்டுக்குப் போய்க்கினு இருக்கும்மா" என்றார்.

"உள்ள இருக்கற கடிதத்த நீங்க இன்னிக்கி எடுத்துப் பாக்கவே இல்லையேண்ணா?"

"வேணாம்மா. யாருதோ மேசையில வெச்சி, நாலு பேரு நடுவுல அத படிக்கறதா? நம்ம வூட்டுக்கு வரட்டும். குளிச்சிட்டு வந்து படிச்சிக்கலாம்."

நான் வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல் போதும், அவர் ராத்திரிக்குள் நாலு பேரைக் கேட்டுப் பணம் புரட்டப் பார்த்திருப்பார். ஆனால் ஒருத்தருக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்வது ஏலமே இல்லை. அவர் எனக்கு வேண்டியவர் என்பதாலேயே அவருக்குச் சொல்லக் கூடாது. உத்திரமேரூரில் இறங்கும்போது, "உடம்பு சரியில்லயாம்மா?" என்று கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மேடையேறினேன். ஹால் நிறைய ஆள். மேசை ஓரத்தில் போன்களில் வெளிநாட்டுக்காரர்கள். "இந்த எண்ணுக்கு நான் எழுதிய வரி தவறு. குங்குமக் கறை என்று எழுதியது லண்டன் முத்திரை. தபால்தலை மேலும் உறை மேலும் சேர்ந்து விழுந்திருக்கிறது. தவறு என்னுடையது" என்றேன். எழுதியதை எந்தக் குரலில் பெருமையாகப் படிப்பேனோ அதே குரலில் படிக்க வேண்டும் என்று முயற்சி செய்தேன். கடைசி வரிசையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் காதில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்திருந்தார்.

ஏலம் ஆரம்பித்தது. முதல் ஏழெட்டு அழைப்பு வரைக்கும் அவர் அட்டையை இறக்கவே இல்லை. தூக்கியபடியே பிடித்திருந்தார். அப்புறம் இரண்டு போன்கள் மட்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நடுவில் ஒருமுறை, ரொம்ப நேரம் கழித்து, அவர் மறுபடி ஒரே ஒரு தடவை தூக்கினார். அவரால் கொடுக்க முடியாத விலை அது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். போனில் இருந்தவர் அதற்கு மேலே போனார். அட்டை இறங்கியது. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." சுத்தியல் விழுந்தது. ஹாலில் கைதட்டினார்கள். வாங்கியவர் அமெரிக்காக்காரர்.

வெளியே டீக்கடையில் ஏகாம்பரம் நின்றிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அது குங்குமம் இல்லேன்னு எனக்குத் தெர்யும்மா" என்றார்.

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன்.

"சின்னப் புள்ளயில நான்தான் பொட்டு வெப்பேன். நாலு மூலையிலதான் வெக்கணும். பேரு எழுதியிருக்கற எடத்துல வெக்கக் கூடாது, ஸ்டாம்பு மேல வெக்கக் கூடாதுன்னு அப்பா திட்டுவாரு. நடுவுல இருக்கறது வந்தப்போவே இர்ந்ததாம். பொஸ்தகத்துல நீங்க எழுதியிர்ந்தத பாத்ததும் தெரிஞ்சிக்கினேன். வாயத் தொறக்கல. வாங்கறவன் எதுக்குச் சொல்லணும்?"

"சொல்ல வேண்டியது இல்லைண்ணா. பாத்து எழுத வேண்டியது என் வேலதான்."

"அதான் பாத்துட்டீங்களே." டீயைக் கீழே வைத்தார். "ஒரே ஒரு நாள் கழிச்சிப் பாத்திருக்கக் கூடாதா?"

நான் செய்தது சரி என்றுதான் உங்களுக்குச் சொல்வேன். அன்றைக்கு டீக்கடையில் நின்று அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரியானதைச் செய்துவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பணம் வந்து சேர்ந்து, உறையை அனுப்ப வேண்டிய வாரம், ஏகாம்பரம் அலுவலகத்துக்கு வந்தார். வழக்கமான பையும் இல்லை, பூதக்கண்ணாடியும் இல்லை.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிக்கட்டுமா?" என்றார்.

அது இப்போது வேறொருவர் சொத்து. முதலாளியைப் பார்த்தேன். அவர் வாங்கியவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டார். தாராளமாகப் படிக்கட்டும் என்று மறுநாளே பதில் வந்தது. வெள்ளிக்கிழமை வரச் சொன்னோம். அந்த வெள்ளிக்கிழமை மரகதமும் காசோலை வாங்க வந்திருந்தாள். நான் வேண்டுமென்றே அப்படி ஏற்பாடு செய்தேன் என்று அலுவலகத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். இல்லை. அவள் செவ்வாய்க்கிழமை வருவதாகத்தான் இருந்தது, பஸ் ஸ்டிரைக் என்று தள்ளிப்போட்டாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பழுப்பேறிய தாள், குண்டு குண்டான எழுத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது போல ஒவ்வொரு எழுத்தும் தனியாக நின்றது. அவர் உதடு அசைய மனதுக்குள் படிக்க ஆரம்பித்தார்.

"சத்தமாத்தான் படிங்களேன், மாமா" என்றாள் மரகதம். பாகம் பிரித்ததற்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதானாம். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து படித்தார்.

"வண்டிக்காரச் சின்னசாமிக்குப் பள்ளிக்கூடத்துத் துரைசாணி எழுதிக்கொண்டது. நான் கப்பலில் சுகமாய் வந்து என் தகப்பனார் வீடு சேர்ந்தேன். இவ்விடத்தில் பனி பெய்து வீதியெல்லாம் வெளுத்திருக்கிறது. உம்முடைய மாடுகள் சுகமா? பெரிய மாட்டின் கால்புண் ஆறினதா? நான் புறப்பட்ட நாளில் நீர் என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, நான் பேசுமுன்னே திரும்பிப் போய்விட்டீர். பிள்ளைகளை விட்டுவிட்டு நான் போகிறதினால் உமக்கு என்மேல் கோபம் உண்டோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கோபம் இல்லையென்று யாரையாவது கொண்டு ஒரு வரி எழுதுவித்து அனுப்பும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதில் போட்டாங்களாண்ணா?" என்று நான்தான் கேட்டேன்.

"எப்பிடிப் போடுவாங்க?" என்றார். "அந்தக் கடுதாசி வந்தப்போ எங்க முப்பாட்டன் சின்னசாமி உயிரோட இல்ல. செத்தவரு பேருக்கு வந்தத நாம எப்பிடிப் பிரிக்கறதுன்னு அப்பிடியே சாமிகிட்ட வெச்சிட்டாங்க. பிரிக்கவே இல்லம்மா. பாகம் பிரிக்கறப்போ தம்பிதான், உள்ள எதுனா பத்திரம் கீதோன்னு கத்தி வெச்சிப் பிரிச்சான். அதுக்குத்தான் அவன்கூட சண்டையே."

மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவம் மாமா அந்தம்மா. எத்தினி நாளு பாத்துக்கினு இர்ந்துதோ."

"நாம பொட்டு வெச்சிக்கினே இர்ந்துட்டோம்" என்றார் அவர்.

அவரே அந்தத் தாளைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்து உறைக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு வரி எழுதி இதுக்குள்ள வெக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

விற்ற பொருளுக்குள் ஒரு தூசியைக்கூட நாம் சேர்க்கக் கூடாது. அதை உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். உள்ளே வைக்க முடியாது என்று சொன்னேன். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து அவரிடம் கொடுத்தேன். பார்சலில் உறைக்கு வெளியே, தனியாக வைக்கலாம். வாங்கியவருக்கு விவரம் எழுதி, நானே மொழிபெயர்த்தும் அனுப்புகிறேன் என்றேன்.

அவர் ரொம்ப நேரம் யோசித்து எழுதினார். எழுதிவிட்டு மரகதத்தின் பக்கம் தள்ளினார். அவளும் கீழே தன் பெயரைப் போட்டாள். நான் மொழிபெயர்ப்பதற்காக அதை எடுத்துப் பார்த்தேன். மொழிபெயர்க்க அதிகம் இல்லை.

"அம்மாவுக்கு வணக்கம். கடிதம் கிடைத்தது. பதில் போடத் தாமதமாகிவிட்டது. சின்னசாமிக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை."